முகமன் கூறலும் அறிமுகம் செய்தலும்: ஆங்கில மரபு பற்றிச் சில குறிப்புகள்

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர்கள் இந்த முறை ஒரு நிபந்தனையோடு வந்தார்கள். “போன தடவை சிந்தாமணி பற்றி எழுதினீங்க. படிச்சவங்க பாராட்டினாங்க, ஆனா எத்தனை பேர் படிச்சாங்கன்னு கேட்காதீங்க. இந்தத் தடவை நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கும், அவங்களை விட நமக்கும் உபயோகமாகிற மாதிரி எழுதுங்க” என்றார்கள். யோசித்துப் பார்த்தேன். கேரளத்தில் பிழைக்க வந்த நமக்கு மலையாளம் எப்படியோ நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலம்தான் கழுத்தைப் பிடிக்கிறது. அதிலும் முழுப் பேச்சு அல்ல, முதல் இரண்டு வாக்கியம். யாரையாவது பார்த்தவுடன் என்ன சொல்வது, பக்கத்தில் இருப்பவரை எப்படி அறிமுகப்படுத்துவது என்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். நானும் தடுமாறியவன்தான். அந்தக் கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பள்ளிக்கூட விழா

வந்தவாசிப் பக்கத்திலிருந்து 1979இல் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மலஞ்சரக்குக் கடைக்குக் கணக்கெழுத வந்தேன். சுக்கு, மிளகு, மஞ்சள் என்று பிறகு சொந்தமாகச் சிறு வியாபாரம். 1997இல் என் மகள் ஆறாம் வகுப்பு. பள்ளி ஆண்டு விழா மாலை ஆறரை மணிக்கு. வாசலில் பெற்றோரை வரவேற்றுக்கொண்டிருந்த ஆசிரியையிடம் கைகூப்பி, உரத்த குரலில், “குட் நைட் சார், மைசெல்ஃப் ஃபாதர்” என்றேன். ஒரே வாக்கியத்தில் மூன்று தப்பு. ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டார். பின்னால் நின்ற பிள்ளைகள் அடக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் மகள் பேசவே இல்லை. படி ஏறும்போது சொன்னாள்: “அப்பா, அடுத்த தடவை அம்மாவை அனுப்புங்க.” அம்மாவுக்கு இங்கிலீஷே தெரியாதே என்றேன். “அம்மா வாயைத் திறக்க மாட்டாங்க. அதனால தப்பு வராது” என்றாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. கோபம் அவள் மேல் அல்ல. பெற்ற பிள்ளை தகப்பனை நாலு பேர் முன் நிறுத்தத் தயங்குகிறாள் என்றால் குறை எங்கேயோ இருக்கிறது, அது தீர்க்கக்கூடிய குறைதான் என்று பட்டது. ஃபோர்ட் கொச்சியில் கப்பல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு ஆங்கிலோ இந்தியப் பெரியவர் இருந்தார். ஞாயிறு தோறும் அவரிடம் போனேன். பழைய புத்தகக் கடையில் கிடைத்த இலக்கண நூல்களையும் படித்தேன். அப்படிக் கற்றதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முகமன் என்பது கேள்வி அல்ல

முதலில் நம் தெருவையே பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு பஜார் ரோட்டிலிருந்து ஜூ டவுன் வரை நடந்தால் போதும். மலையாளி நமஸ்காரம் என்பார். கச்சி மேமன் வியாபாரி அஸ்ஸலாமு அலைக்கும் என்றால் பதிலுக்கு வ அலைக்கும் ஸலாம் சொல்லவேண்டும். குஜராத்தி வைஷ்ணவர் ஜெய் ஸ்ரீ கிருஷ்ணா என்பார். குஜராத்தி ஜைனர் ஜெய் ஜினேந்திரா என்பார். நானும் அதையே சொல்லுவேன். அவர் சுவேதாம்பரர், நான் திகம்பரன், அவர் மொழி வேறு, என் மொழி வேறு, ஆனால் அந்த ஒரு சொல்லில் இருவரும் ஒரே வீடு. ஜூ டவுனில் யூதக் குடும்பங்கள் நிறைய இருந்த காலத்தில் ஷாலோம் என்ற சொல்லும் காதில் விழும். ஸலாமுக்கும் ஷாலோமுக்கும் வேர் ஒன்றே, பொருளும் சமாதானமே.

இவற்றில் எதுவும் விவரம் கேட்கும் கேள்வி அல்ல என்பதைக் கவனியுங்கள். ஒரு சொல் வருகிறது, அதற்கென்று ஏற்பட்ட ஒரு சொல் திரும்பிப் போகிறது. ஆங்கிலத்தில் “ஹௌ டூ யூ டூ” என்பதும் இதே ஜாதிதான். கேள்வி போலத் தோன்றும், கேள்வி அல்ல. முதன்முதலாகச் சந்திப்பவரிடம் முறைப்படி சொல்வது. அதற்குப் பதில் ஃபைன் என்பதல்ல, அதே “ஹௌ டூ யூ டூ”தான். ஸலாமுக்கு ஸலாம் மாதிரி. இன்று இது அருகிவிட்டது. மிகவும் முறையான இடங்களில், பழைய தலைமுறையினரிடம் மட்டுமே கேட்கலாம்.

“ஹௌ ஆர் யூ” என்பது வேறு. முன்பே தெரிந்தவரிடம் நலம் விசாரிப்பது. “ஃபைன், தேங்க் யூ. அண்ட் யூ?” என்று பதில் சொல்லி, அவர் நலத்தையும் கேட்டுவிட வேண்டும். நம்மவர்கள் இங்கே சர்க்கரை அளவிலிருந்து முழங்கால் வலி வரை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். தெருவில் எதிர்ப்பட்டவர் “என்ன, சாப்டாச்சா?” என்று கேட்டால் என்ன குழம்பு, என்ன பொரியல் என்றா சொல்கிறோம்? ஆச்சு என்கிறோம், அவ்வளவுதான். அதுவே இதற்கும் அளவு.

பிள்ளைகள் சொல்லும் “வாட்ஸ் அப்” இருக்கிறதே, அது நம் மலையாளிகளின் “எந்துண்டு விசேஷம்?” என்பதேதான். ஒன்றுமில்லை என்பதே போதுமான பதில். ஆனால் இதையும் “ஹாய்” என்பதையும் நண்பர்கள், சம வயதுக்காரர்கள், நெருங்கியவர்கள் இவர்களிடம் வைத்துக்கொள்வது நல்லது. தலைமை ஆசிரியரிடமோ நேர்முகத் தேர்வு நடத்துபவரிடமோ முதலில் நாமாக ஹாய் சொல்லக்கூடாது. அவர் சொன்னால் நாம் ஹலோ என்று ஒரு படி மேலே நிற்கலாம்.

கடிகாரம் பார்க்கும் வணக்கங்கள்

தமிழில் வணக்கம் என்ற ஒரு சொல் விடிந்தது முதல் அடைந்தது வரை செல்லும். காலை வணக்கம், மாலை வணக்கம் என்பதெல்லாம் ஆங்கிலத்தைப் பார்த்து நாம் செய்துகொண்டவை. ஆங்கிலேயன் கடிகாரத்தைப் பார்த்துத்தான் வாயைத் திறப்பான். பகல் பன்னிரண்டு வரை குட் மார்னிங். அதன் பிறகு மாலை ஐந்து ஆறு மணி வரை குட் ஆஃப்டர்நூன். அதற்குமேல் யாரைச் சந்தித்தாலும் குட் ஈவினிங், இரவு பத்து மணியானாலும் அதுவே. குட் நைட் என்பது பிரியும்போது மட்டும் சொல்வது. நான் பள்ளி வாசலில் செய்தது என்னவென்று இப்போது புரிந்திருக்கும். விழாவுக்கு வந்தவன் வாசலிலேயே விடைபெற்றுவிட்டேன்!

ஹலோ என்ற சொல்லுக்குச் சுவையான வரலாறு உண்டு. 1876இல் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். எடுத்தவுடன் என்ன சொல்வது என்ற கேள்வி வந்தது. கப்பல்காரர்கள் கூவும் “அஹோய்” என்பதே பெல்லின் விருப்பம். ஹலோ என்றே கூப்பிடலாம் என்று 1877இல் எடிசன் ஒரு கடிதத்தில் எழுதினார். எடிசன் சொல் ஜெயித்தது. அதற்கு முன்பும் அந்தச் சொல் இருந்ததுதான், ஆனால் உலகம் முழுக்க அதைப் பரப்பியது தொலைபேசியே. போனில் ஹலோ சொன்ன அடுத்த நிமிஷம் நாம் “யாரு?” என்று அதட்டுகிறோம். ஆங்கிலத்தில் இது மரியாதைக் குறைவு. அழைத்தவர் முதலில் தன் பெயரைச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் “மே ஐ நோ ஹூ இஸ் காலிங்” என்று கேட்கலாம்.

குட்பை என்பது கடவுள் உன்னோடு இருக்கட்டும் என்ற முழு வாக்கியம் தேய்ந்து தேய்ந்து ஆன சொல். நாம் போகிறேன் என்று சொல்வதில்லை, “போய்ட்டு வர்றேன்” என்கிறோம். அதற்கு நெருக்கமாக ஆங்கிலத்தில் உள்ளது “சீ யூ”. இழவு வீட்டில் நாம் “வர்றேன்” என்று சொல்லாமல் எழுந்து வருவோம் அல்லவா? ஆங்கிலம் பேசுபவர் வீட்டுத் துக்கத்துக்குப் போனாலும் உற்சாகமான குட் மார்னிங் வேண்டாம். “ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்” என்று தணிந்த குரலில் ஒரே வாக்கியம் போதும்.

நம்மை நாமே அறிமுகம் செய்வது

மைசெல்ஃப் முருகன் என்பது இந்தியா முழுவதும் கேட்கும் வாக்கியம். இலக்கணப்படி நிற்காது. “ஐ ஆம் முருகன்” அல்லது “மை நேம் இஸ் முருகன்”, இதுவே முறை. தன் பெயருக்கு முன்னால் தானே மிஸ்டர் போட்டுக்கொள்ளக் கூடாது. தமிழில் யாராவது “நான் முருகன் அவர்கள்” என்று சொல்வார்களா? அப்படித்தான் அதுவும். “வாட் இஸ் யுவர் குட் நேம்” என்பது இந்தியில் சுப நாமம் கேட்பதன் நேர் மொழிபெயர்ப்பு. வெள்ளைக்காரர் தனக்குக் கெட்ட பெயரும் உண்டோ என்று விழிப்பார். “மே ஐ ஹாவ் யுவர் நேம், ப்ளீஸ்?” என்றால் போதும்.

முதன்முறை பார்ப்பவரிடம் “நைஸ் டு மீட் யூ”. முன்பே அறிமுகமானவரிடம் “நைஸ் டு சீ யூ”. இதை மாற்றிச் சொன்னால், போன வாரம் சந்தித்தவரை மறந்துவிட்டோம் என்று ஆகிவிடும். வியாபாரத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

ரயிலில் எதிரில் உட்கார்ந்தவரிடம் பத்து நிமிஷத்தில் ஊர், உத்தியோகம், சம்பளம், எத்தனை பிள்ளைகள், பெண்ணுக்கு வரன் பார்த்தாச்சா என்று எல்லாம் கேட்டுவிடுவோம். நமக்கு அது அக்கறை. ஆங்கிலேயருக்கு அது வேவு. வயது, வருமானம், மதம், கல்யாணம் ஆச்சா என்பவற்றை முதல் சந்திப்பில் கேட்பதில்லை. அவர்கள் பேச எடுத்துக்கொள்வது வானிலை. மட்டாஞ்சேரியில் இடவப்பாதி மழை இருக்க, பேச்சுக்கா பஞ்சம்?

பெயரும் இனிஷியலும்

இங்கே நம்மவர்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல். மிஸ்டர், மிஸஸ், மிஸ் ஆகியவற்றை ஆங்கிலேயர் குடும்பப் பெயரோடு சேர்ப்பார்கள். ஜான் ஸ்மித் என்பவர் மிஸ்டர் ஸ்மித். மிஸ்டர் ஜான் என்பது தப்பு. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. கே. முருகன் என்றால் கந்தசாமி மகன் முருகன். பாஸ்போர்ட்டில் இனிஷியல் மட்டும் எழுத முடியாது, விரித்து எழுதவேண்டும். குடும்பப் பெயர் என்ற இடத்தில் கந்தசாமி ஏறிவிடும். அப்புறம் விமான நிலையத்தில் மிஸ்டர் கந்தசாமி என்று ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். ஊரில் நெல் காயவைத்துக்கொண்டிருக்கும் தகப்பனார் பெயரை யாரோ அழைக்கிறார்கள் என்று மகன் சும்மா உட்கார்ந்திருப்பான்.

ஆகவே வெளிநாட்டாரிடம் அறிமுகம் செய்துகொள்ளும்போதே, “ப்ளீஸ் கால் மீ முருகன். கந்தசாமி இஸ் மை ஃபாதர்ஸ் நேம்” என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இதில் வெட்கம் ஏதும் இல்லை. ஜாதிப் பெயரை விட்டுத் தகப்பன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டது தமிழ்நாடு பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வழக்கம். கல்யாணம் ஆனவரா என்று காட்டாத “மிஸ்” என்ற பொதுச் சொல், எம்.எஸ். என்று எழுதுவது, 1970களிலிருந்து பரவியது. பெண்களுக்கு எழுதும்போது இன்று அதுவே பத்திரமானது.

சார், மேடம், அங்கிள்

இங்கிலாந்தில் சார் என்பது பெயருக்கு முன்னால் வந்தால் அது அரசர் கொடுத்த பட்டம். பெயருக்குப் பின்னால் முருகன் சார் என்று ஒட்டுவது நம் நாட்டு வழக்கம். நம்முள் பேசும்போது அது இருக்கட்டும், வெளிநாட்டாரிடம் வேண்டாம்.

கேரளத்தில் இந்தச் சார் பற்றி நல்ல விவாதமே நடந்தது. 2021இல் பாலக்காடு மாவட்டம் மாத்தூர் கிராம பஞ்சாயத்து, தன் அலுவலகத்துக்கு வரும் ஜனங்கள் அதிகாரிகளை சார், மேடம் என்று அழைக்க வேண்டியதில்லை என்று தீர்மானம் போட்டது. 2023 ஜனவரியில் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், ஆணானாலும் பெண்ணானாலும் டீச்சர் என்றே அழைக்கலாம் என்று பள்ளிகளுக்குச் சொன்னது. அதற்கும் முன்னால் 2012இல் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி, உள்நாட்டு நிகழ்ச்சிகளில் தன்னை எக்ஸலன்ஸி என்று அழைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார். மரியாதை வேண்டும், கூனிக் குறுகல் வேண்டாம் என்பதே இவற்றின் சாரம்.

அங்கிள், ஆன்ட்டி விஷயம் கொஞ்சம் மனசை வருத்துவது. ஆங்கிலேயக் குழந்தை ரத்த உறவையும் வீட்டோடு மிக நெருங்கிய சிலரையும்தான் அங்கிள் என்கும். நம் பிள்ளைகள் பால்காரர் முதல் டாக்டர் வரை எல்லோரையும் அழைக்கிறார்கள். போகட்டும். ஆனால் சொந்த மாமா, சித்தப்பா, பெரியப்பா மூவரும் அங்கிளில் கரைந்து போனார்களே! யாருக்கு யார் என்ன முறை என்பது தெரியாமல் வளரும் பிள்ளை, ஊரில் ஒரு விசேஷத்துக்குப் போனால் மூலையில் நிற்கிறது. வெளியில் அங்கிள் இருக்கட்டும். வீட்டுக்குள் மாமாவை மாமா என்றே கூப்பிடச் சொல்லுங்கள்.

இன்னொரு சந்தேகம். ஆங்கிலத்தில் நீ என்பதும் யூ, நீங்கள் என்பதும் யூ, மரியாதையே இல்லாத மொழி என்று நம்மவர் சொல்வதுண்டு. உண்மை தலைகீழ். ஒரு காலத்தில் தௌ என்பது நீ, யூ என்பது நீங்கள். பதினேழாம் நூற்றாண்டு வாக்கில் பொது வழக்கில் தௌ மறைந்தது. அவர்கள் தொலைத்தது நீயை, வைத்துக்கொண்டது நீங்களை. ஒருவரைப் பன்மையால் உயர்த்திச் சொல்வது நமக்கும் பழைய பழக்கமே. அது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண முறை அல்ல என்று தொல்காப்பியச் சொல்லதிகாரமே குறிக்கிறது.

இருவரை அறிமுகப்படுத்துவது

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்நிலை. இருவரைச் சேர்த்துவைக்கும்போது யார் பெயரை முதலில் சொல்வது? மதிப்பில் உயர்ந்தவரை விளித்து, மற்றவரை அவருக்குக் காட்டவேண்டும். பெரியவருக்குச் சிறியவரை, பெண்ணுக்கு ஆணை, விருந்தினருக்கு வீட்டாரை, அலுவலகத்தில் மேலவருக்குக் கீழவரை. “தாத்தா, திஸ் இஸ் மை ஃப்ரெண்ட் ரஹீம்” என்றால் தாத்தாவுக்கு மரியாதை. “ரஹீம், திஸ் இஸ் மை கிராண்ட்ஃபாதர்” என்று தொடங்கினால் தாத்தாவை ரஹீமிடம் கொண்டுபோய் நிறுத்தியதாக ஆகும். முறையான சபைகளில் “மே ஐ இன்ட்ரட்யூஸ்” என்று தொடங்கலாம். மற்ற இடங்களில் திஸ் இஸ் போதும்.

இரண்டாவது விதி: வெறும் பெயரோடு நிறுத்தாதீர்கள். பேச்சைத் தொடங்க ஒரு நூல்முனை கொடுங்கள். இவர் மஞ்சள் வியாபாரம், அவர் ஈரோட்டுக்காரர் என்று ஒரு சொல் சேர்த்தால் இருவரும் தாமே பேசிக்கொள்வார்கள். நாம் உறவைச் சொல்லி அறிமுகப்படுத்துவோம், ஆரணி மாமாவின் சம்பந்தி என்று. ஆங்கிலத்தில் பெயர் கட்டாயம் வரவேண்டும்.

கைகுலுக்கும்போது வலக்கை, ஓரளவு உறுதி, இரண்டு மூன்று அசைவு, பார்வை அவர் முகத்தில். பெண்களிடம் அவர்கள் கை நீட்டினால் மட்டும். கைகொடுக்க விருப்பமில்லாதவர் கைகூப்பினால் யாரும் தப்பாக எடுப்பதில்லை. 2020இல் கொரோனா பரவத் தொடங்கியபோது இன்று அரசராக இருக்கும் சார்லஸே லண்டன் விழா ஒன்றில் கைகூப்பி வணங்கினார்.

கடிதத்தில் டியர் சார் என்று தொடங்கினால் யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி என்று முடிக்கவேண்டும். பெயர் சொல்லி டியர் மிஸ்டர் ஸ்மித் என்று தொடங்கினால் யுவர்ஸ் சின்ஸியர்லி. இது பிரிட்டிஷ் மரபு. மின்னஞ்சலில் இன்று ஹலோ, ரிகார்ட்ஸ் என்று சுருங்கிவிட்டது. விடியற்காலையில் பூப்படத்தோடு நூறு பேருக்கு குட் மார்னிங் அனுப்புவது எந்த மரபிலும் சேராது.

மகள் சொன்ன அறிமுகம்

2014இல் என் மகள் பெங்களூரில் வேலையில் இருந்தாள். அலுவலகத்தில் குடும்ப தினம் என்று எங்களை வரச் சொன்னாள். பழைய ஞாபகத்தில் நான் மனைவியின் பின்னால் ஒதுங்கி நின்றேன். அவளுடைய மேலதிகாரி, அவளை விடப் பத்து வயது மூத்தவர் இருக்கலாம், எங்களை நோக்கி வந்தார். மகள் என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். “அப்பா, திஸ் இஸ் மை மேனேஜர்” என்று அவர் பெயரைச் சொன்னாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, “மை ஃபாதர். ஹி இஸ் இன் த ஸ்பைஸ் டிரேட் இன் மட்டாஞ்சேரி” என்றாள்.

உத்தியோக முறைப்படி பார்த்தால் மேலதிகாரியைத்தான் முதலில் விளித்திருக்க வேண்டும் என்பார்கள். அவள் அந்த விதியைப் பார்க்கவில்லை, வயதைப் பார்த்தாள். என்னை விளித்து, அவரை எனக்குக் காட்டினாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் படித்ததை நினைத்துக்கொண்டு, “ஹௌ டூ யூ டூ” என்றேன். அவர் “ஹாய் அங்கிள், நைஸ் டு மீட் யூ” என்று சிரித்துக்கொண்டே கைநீட்டினார். நான் படித்த விதிப்படி பதில் வரவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் பரிகாசம் இல்லை. மிளகு விலை பற்றி அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அன்பர்களே, வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமும், அதை அடுத்தே இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரமும் வைத்தார். வந்தவரை முகம் கோணாமல் ஏற்பது முதல் படி, இன்சொல் அடுத்த படி. மொழி எதுவானாலும் வரிசை அதுதான். சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறோம். அதே வகுப்பில் கால்மணி நேரம் பெரியவர்களுக்கு இந்த ஆங்கில முகமன்களைப் பிள்ளைகளே சொல்லித்தரலாம் என்பது என் யோசனை. நம் பிள்ளை கற்றுத்தர, நாம் தப்புத் தப்பாகச் சொல்லிப் பழகுவதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டு விழாவுக்கு எந்தத் தகப்பனும் வீட்டில் தங்கிவிடக் கூடாது.

வணக்கம். இந்தச் சொல்லுக்குக் கடிகாரம் பார்க்கத் தேவையில்லை.